பதினான்கு பேர் வாழும் ஓர் ஊர்



ஓர் ஊருக்கு எத்தனை பேர் இருந்தால் அதனை ஊர் என்று சொல்லலாம்? ஆயிரம் பேரா? நூறு பேரா? அமெரிக்க நாட்டின் 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஊருக்கு நேராக 14 என்னும் எண் பதிவாகி உள்ளது. அந்த ஊரின் பெயர் நிக்கோடெமஸ். கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரகாம் மாவட்டத்தில் இருக்கிறது. கடை இல்லை, பள்ளி இல்லை, அஞ்சலகமும் இல்லை. ஆயினும் அந்நாட்டின் நடுவண் அரசு இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலம் என அறிவித்துப் பேணி வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்து குவிகிறார்கள்.

நான் அவ்வூருக்குச் சென்றவன் அல்லன். நூல்களிலும் ஆவணங்களிலும் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். ஆனால், படிக்கப் படிக்க இந்தச் சிற்றூர் என்னை விடவில்லை. அமெரிக்கா என்றால் வானளாவிய கட்டடங்களையும் திரைப்படங்களையும் மட்டுமே அறிந்த நம் மாணாக்கருக்கு இப்படியும் ஓர் அமெரிக்கா உண்டு என்று சொல்ல வேண்டும் எனத் தோன்றியது. ஆகவே இந்தக் கட்டுரை.

மரமில்லாத நிலம்

கான்சஸின் மேற்குப் பகுதி கண்ணுக்கெட்டிய தொலைவுவரை புல்வெளி. சாலோமன் ஆற்றின் தென்கிளை அதன் ஊடே ஓடுகிறது. ஆற்றோரத்தில் மட்டும் சில மரங்கள் நிற்கும். மற்றபடி வானமும் புல்லும்தான். நூறாவது மேற்கு நெட்டாங்குக்கு அருகில் உள்ள பகுதி இது. அந்தக் கோட்டுக்குக் கிழக்கே மழையை நம்பிப் பயிர் செய்யலாம்; மேற்கே செல்லச் செல்ல வானம் பொய்க்கும். அந்த எல்லைக்கோட்டின் விளிம்பில் வந்து குடியேறியவர்கள் யார் தெரியுமா? மழை வளம் மிக்க கெண்டக்கி மாநிலத்தில் பிறந்து வளர்ந்த கறுப்பின மக்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அடிமைகளாக இருந்தவர்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது. ஆனால், நிலம் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் பழைய முதலாளியின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டு, விளைச்சலில் பாதியைக் கொடுத்து, கடனில் மூழ்கினார்கள். தென்மாநிலங்களில் அவர்களுக்குப் பாதுகாப்பாக நிறுத்தப்பட்டிருந்த நடுவண் அரசின் படைகள் 1877-இல் விலக்கிக் கொள்ளப்பட்டன. வாக்குரிமை கையிலிருந்து நழுவியது. வன்முறை பெருகியது. “இங்கிருந்து போய்விட வேண்டும்” என்னும் எண்ணம் ஊர் ஊராகப் பரவிய காலம் அது.

போவதற்கு ஓர் இடமும் இருந்தது. 1862-ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டப்படி, மேற்கு மாநிலங்களில் 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டுகள் தங்கி உழுது பயிரிடுபவருக்கு அந்நிலம் சொந்தமாகும். கையில் பெரும்பணம் வேண்டியதில்லை; உழைப்புதான் விலை. அதோடு கான்சஸ் என்னும் பெயருக்கே ஒரு மதிப்பு இருந்தது. போருக்கு முன்பே அடிமை முறை வேண்டாம் என்று இரத்தம் சிந்திப் போராடிய மண் அது.

துண்டறிக்கையும் உண்மையும்

1877 ஏப்ரலில் நிக்கோடெமஸ் நகர நிறுமம் ஒன்று தொடங்கப்பட்டது. அதில் ஏழு பேர். அவர்களுள் அறுவர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். டபிள்யூ. எச். சுமித் என்னும் கறுப்பினத்தவர் தலைவர். டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையர் நில வணிகர். ஊருக்கு ஆள் சேர்க்கும் பணியை முன்நின்று நடத்தியவர் அவர். கெண்டக்கியின் தேவாலயங்களில் அவர் பேசினார். துண்டறிக்கைகள் அச்சாகிக் கைமாறின. ஐந்து டாலர் கட்டினால் கான்சஸ் செல்லலாம், வளமான மண், நல்ல நீர், சொந்த ஊர் என்று அழைப்பு விடுக்கப்பட்டது.

ஊருக்கு ஏன் நிக்கோடெமஸ் என்று பெயர் வந்தது என்பதில் இரு கருத்துகள் உள்ளன. விவிலியத்தில் வரும் நிக்கோடெமஸ் என்பவரின் பெயர் என்பார் சிலர். அடிமைக் கப்பலில் வந்த ஓர் ஆப்பிரிக்கரைப் பற்றி அக்காலத்தில் வழங்கிய பாட்டிலிருந்து எடுத்த பெயர் என்பார் சிலர். எப்படியாயினும், விடியலுக்குக் காத்திருப்பவனின் பெயர் அது என்பதே அவ்வூராரின் நம்பிக்கை.

1877 சூலை இறுதியில் முதல் முப்பது பேர் வந்து சேர்ந்தனர். செப்டம்பரில் கெண்டக்கியிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தனர். தொடர்வண்டி எல்லிஸ் என்னும் ஊரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து 55 கிலோமீட்டர் தொலைவு. குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு இரண்டு நாள் நடை.

அடுத்த ஆண்டு வசந்தத்தில் கணவரோடு வந்த வில்லியானா ஹிக்மன் என்னும் பெண்மணி பிற்காலத்தில் தம் நினைவுகளைப் பதிவு செய்திருக்கிறார். ஊர் வந்துவிட்டது என்று உடன் வந்தோர் ஆரவாரம் செய்தனராம். அவரோ சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். வீடு எதுவும் தெரியவில்லை. எங்கே ஊர் என்று கேட்டதற்குக் கணவர் தரையைச் சுட்டிக் காட்டினாராம். மண்ணுக்குள்ளிருந்து புகை எழுந்து கொண்டிருந்தது. ஆற்றங்கரை மேட்டைக் குடைந்து, மேலே புல்லும் மண்ணும் போட்டு மூடிய குழிகளில்தான் மக்கள் குடியிருந்தார்கள். அந்தப் பெண்மணி அழுதுவிட்டார்.

நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். கெண்டக்கியில் எவ்வளவு துன்பம் இருந்தாலும் தலைக்கு மேல் கூரை இருந்திருக்கும். நிழலுக்கு மரம் இருந்திருக்கும். சொந்த மண் என்னும் ஒரு சொல்லை நம்பி அவர் அவற்றை விட்டு வந்திருக்கிறார். வந்த இடத்தில் ஊர் என்று காட்டப்பட்டது தரையிலிருந்து எழும் புகை.

செப்டம்பரில் வந்தவர்களில் பல குடும்பங்கள் உடனே திரும்பிச் சென்றன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எஞ்சியவர்களின் சினம் ஹில் மீது திரும்பியது. அவரைத் தூக்கிலிடவே சிலர் துணிந்தனர் என்றும், அவர் ஒளிந்து தப்பினார் என்றும் ஊரார் வழிவழியாகச் சொல்வதுண்டு. வரலாற்றின் விளையாட்டைப் பாருங்கள். பின்னாளில் அதே ஹில் பக்கத்தில் இன்னோர் ஊரை அமைத்தார். ஹில் சிட்டி என்று அவர் பெயரையே தாங்கிய அவ்வூர்தான் இன்று கிரகாம் மாவட்டத்தின் தலைநகர்.

முதல் குளிர்காலம்

அவர்கள் வந்து சேர்ந்தபோது விதைப்புக் காலம் கடந்துவிட்டது. கையில் இருந்த பணம் வழிச்செலவிலேயே கரைந்து போயிருந்தது. கலப்பைகள் மிகச் சில. குதிரைகள் அதனினும் சில. விறகுக்கு மரமில்லை. சூரியகாந்தித் தண்டுகளையும் காட்டெருமைச் சாணத்தையும் எரித்துக் குளிர் காய்ந்தார்கள். கான்சஸ் புல்வெளியில் பனிக்காலக் காற்று எப்படி வீசும் என்பதை நம்மால் கற்பனை செய்யவும் இயலாது.

அந்தக் குளிர்காலத்தில் அவர்களைக் காத்தவர்கள் யார் என்பதற்கும் ஒரு வாய்மொழி வரலாறு இருக்கிறது. வேட்டை முடித்துத் திரும்பிக் கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்து கொடுத்தார்களாம். இதில் உள்ள முரணை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓசேஜ் மக்கள் அதே அமெரிக்க அரசால் கான்சஸிலிருந்து அகற்றப்பட்டவர்கள். சட்டம் 160 ஏக்கராகப் பிரித்துக் கொடுத்த அந்த நிலமெல்லாம் முன்பு பழங்குடி மக்கள் வேட்டையாடித் திரிந்த நிலம். நிலம் பறிக்கப்பட்டவர்கள், நிலமே இல்லாதிருந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

வசந்தம் வந்ததும் மண்வெட்டியாலும் கொத்தாலும் புல்வெளியைக் கிளறத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புல்வேர் பின்னிக் கிடந்த இறுகிய மண் அது. எஃகுக் கலப்பை வைத்திருந்தவர்களே திணறிய மண்ணை இவர்கள் கையால் திறந்தார்கள்.

குழிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஆசிரியப் பணியில் இருப்பவன் என்பதால் என் கண் முதலில் தேடியது பள்ளிக்கூடத்தைத்தான். தேடியது கிடைத்தது. சக்கரி பிளெட்சர் என்பவர் இவ்வூரின் முதல் அஞ்சல் அலுவலர். தங்கும் விடுதி ஒன்றையும் நடத்தியவர். அவருடைய மனைவி ஜென்னி பிளெட்சர்தான் இவ்வூரின் முதல் ஆசிரியை. மண்குழி வீட்டிற்குள்தான் முதல் வகுப்பு நடந்தது.

உணவே உறுதியில்லாத இடத்தில் ஏன் இத்தனை விரைவாகப் பள்ளி? அதற்குக் காரணம் உண்டு. அடிமை முறை நிலவிய காலத்தில் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. எழுத்து என்பது அவர்களிடமிருந்து திட்டமிட்டுப் பறித்து வைக்கப்பட்டிருந்த ஒன்று. படிக்கத் தெரியாதவனுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. கடன் கணக்கில் முதலாளி என்ன எழுதுகிறார் என்றும் தெரியாது. நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டுமானால் நிலப்பதிவுத் தாளைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆகவே, அவர்களுக்குப் பள்ளியும் உழவும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கிரகாம் மாவட்டத்தின் முதற்பள்ளி வட்டம் நிக்கோடெமஸில்தான் அமைந்தது. இன்றும் அங்கு நிற்கும் பள்ளிக் கட்டடம் 1918-இல் கட்டப்பட்டது. அதன் பெயரே “முதலாம் எண் பள்ளி வட்டம்” என்பதுதான்.

ஏறுமுகம்

அடுத்த பத்தாண்டுகளில் அந்தக் குழிகள் மண்வீடுகளாகவும், மண்வீடுகள் சுண்ணாம்புக்கல் கட்டடங்களாகவும் மாறின. தேவாலயங்கள் எழுந்தன. கடைகள், விடுதிகள், வங்கி, மருந்துக்கடை என ஊர் வளர்ந்தது. 1886-இல் ஒரு செய்தித்தாளும் 1887-இல் இன்னொரு செய்தித்தாளும் தொடங்கப்பட்டன. சில நூறு பேர் வாழும் ஊரில் இரண்டு செய்தித்தாள்கள்! ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த மக்களின் ஊர் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

எட்வர்டு மெக்கேப் என்னும் இளைஞர் 1878-இல் இங்கு வந்து சேர்ந்தார். மாவட்ட எழுத்தராகப் பணியாற்றினார். 1882-இல் கான்சஸ் மாநிலக் கணக்காய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அம்மாநிலம் முழுவதற்குமான பதவி ஒன்றுக்குத் தேர்தல் வழி வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். மண்ணுக்குள் புகைந்துகொண்டிருந்த ஊர் ஐந்தே ஆண்டுகளில் மாநிலத் தலைநகருக்கு ஆள் அனுப்பிவிட்டது.

வராமற்போன தொடர்வண்டி

அக்காலத்துப் புல்வெளி ஊர்களின் தலையெழுத்தை எழுதியது தொடர்வண்டிப் பாதை. கோதுமையை வயலிலிருந்து சந்தைக்குக் கொண்டு செல்ல மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் போதா. பாதை வந்த ஊரில் தானியக் கிடங்கு வரும். கிடங்கு வந்தால் கடை வரும். கடை வந்தால் ஆள் வரும். பாதை வராத ஊரில் இவை எதுவும் நிலைக்காது.

இதை நிக்கோடெமஸ் மக்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். 1887-இல் மிசௌரி பசிபிக் தொடர்வண்டி நிறுவனத்தை ஈர்ப்பதற்காக 16,000 டாலர் கடன் பத்திரம் வெளியிட வாக்களித்தார்கள். குடிசையிலிருந்து அப்போதுதான் நிமிர்ந்த மக்கள் தங்கள் எதிர்கால வரிப்பணத்தையே பணயம் வைத்தார்கள். ஆயினும் அந்தப் பாதை வரவில்லை. 1888-இல் யூனியன் பசிபிக் நிறுவனம் பாதை போட்டது. அதுவும் ஆற்றின் தென்கரையில், ஊரைவிட்டுச் சில மைல் விலகிச் சென்றது. பாதை போட்ட தொழிலாளர்களின் கூடாரம் இருந்த இடம் போக் என்னும் புதிய ஊராயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது விரைவாக நடந்தது. வணிகர்கள் ஆற்றைக் கடந்து புதிய ஊருக்குச் சென்றார்கள். செய்தித்தாள்கள் நின்றன. சிலர் கட்டடத்தையே பெயர்த்து எடுத்துச் சென்றனர். பஞ்சத்தையும் பனியையும் மோசடியையும் தாங்கிய ஊரை, எங்கோ ஓர் அலுவலக மேசையில் வரைந்த ஒரு கோடு சாய்த்துவிட்டது.

ஆனால், ஊர் அன்றே அழியவில்லை. கடைக்காரர்கள்தாம் போனார்கள், உழவர்கள் போகவில்லை. 160 ஏக்கர் நிலம் அவர்கள் பெயரில் இருந்தது. தேவாலயம் இருந்தது. பள்ளி இருந்தது. இந்த மூன்றையும் பற்றிக்கொண்டு மேலும் நாற்பது ஆண்டுகள் ஊர் வாழ்ந்தது.

தேய்வு

1930-களில் இரண்டு அடிகள் ஒன்றாக விழுந்தன. ஒன்று, உலகப் பொருளாதார மந்தம். கோதுமை விலை சரிந்தது. மற்றொன்று, கடும் வறட்சி. உழுது புரட்டிய மேல்மண் காற்றில் எழுந்து பகலை இரவாக்கிய புழுதிப்புயல்களின் காலம் அது. பல குடும்பங்கள் நிலத்தை விட்டு வெளியேறின. அந்த நெருக்கடிக் காலத்திலும் ஊரார் ஒன்றைச் செய்தார்கள். அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தின் உதவியோடு 1939-இல் சுண்ணாம்புக் கல்லால் ஓர் ஊர்மன்றக் கூடம் கட்டினார்கள். ஊர் தேய்ந்து கொண்டிருந்த வேளையில் கூடிப் பேச ஒரு கூடம்! அது வீண்செலவா, நம்பிக்கையா என்பதை வாசகர்களின் முடிவுக்கே விடுகிறேன்.

போருக்குப் பின் உழவு இயந்திரங்கள் பெருகின. பத்துக் குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரு குடும்பமே உழ முடிந்தது. இது நிக்கோடெமஸுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அந்தப் பெரும் புல்வெளி முழுவதும் வெள்ளையர் ஊர்களும் இப்படியே சுருங்கின. அஞ்சலகம் 1953-இல் மூடப்பட்டது. 1960 அளவில் பள்ளியும் மூடப்பட்டது.

பள்ளி மூடப்பட்ட செய்தி நூல்களில் ஒரு வரிதான். எனினும், அந்த ஒரு வரியைத்தான் நான் மீண்டும் மீண்டும் படித்தேன். பள்ளி இல்லாத ஊருக்கு இளம் பெற்றோர் குடிவரமாட்டார்கள். இருக்கும் பிள்ளைகள் விடிகாலையில் வேற்றூர்ப் பேருந்தில் ஏறுவார்கள். அவர்களின் நட்பும் விளையாட்டும் நினைவும் வேற்றூரில் வேர்விடும். கடை மூடினால் ஊருக்கு வசதி குறையும். பள்ளி மூடினால் ஊருக்கு அடுத்த தலைமுறை குறையும்.

இந்த ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1932-இல் பிறந்த வெரில் சுவிட்சர், கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் காற்பந்தாட்டத் திறத்தால் சென்றார். நாம் ஆடும் காற்பந்து அன்று, அமெரிக்கக் காற்பந்து. 1954-இல் நாட்டின் தொழில்முறைக் குழுக்கள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது நான்காவது ஆளாக அவரைக் கிரீன் பே பேக்கர்ஸ் குழு தேர்ந்தது. பின்னாளில் தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே நிருவாகப் பணியாற்றினார். 2022-இல் மறைந்தார். ஊர் கொடுத்த பிள்ளைகள் பெருமை சேர்த்தார்கள். ஆனால், அந்தப் பெருமைக்கு வழி ஊரைவிட்டு வெளியே செல்வதாகவே இருந்தது. நாம் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அவர்கள் உயர்வதற்காகத்தான். உயர்ந்தவர்கள் வெளியேறுவது இயல்பு. ஒரு நல்ல பள்ளி தன் ஊரையே வெறுமையாக்கக் கூடும் என்னும் உண்மை எந்த ஆசிரியருக்கும் எளிதில் விழுங்கக் கூடியதன்று.

சூலை இறுதியில்

இத்தனைக்குப் பிறகும் இவ்வூர் ஏன் நிலப்படத்தில் இருக்கிறது? இங்கேதான் இக்கதையின் உயிர் இருக்கிறது.

1834 ஆகத்து முதல் நாளில் மேற்கிந்தியத் தீவுகளில் பிரிட்டிசு அரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்நாளை அமெரிக்கக் கறுப்பின மக்களும் கொண்டாடி வந்தனர். நிக்கோடெமஸ் மக்கள் 1878-லேயே, அதாவது குழிக்குள் வாழ்ந்துகொண்டே, அவ்விழாவை எடுத்தனர். அதுவே இன்று ஊர் திரும்பும் விழாவாக ஆண்டுதோறும் சூலைத் திங்களின் கடைசி வார இறுதியில் நடந்து வருகிறது. முதற்குடியேறிகளின் வழித்தோன்றல்கள் பல மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். அணிவகுப்பு, வழிபாடு, விருந்து, பாட்டு, மூத்தோர் சொல்லும் கதைகள் என அந்த மூன்று நான்கு நாள்கள் ஊர் நிறைந்துவிடுகிறது. அங்கே பிறக்காதவர்களும், அங்கே ஒருநாளும் வாழாதவர்களும் அதனைத் தம் ஊர் என்றே சொல்கிறார்கள்.

அந்த வழித்தோன்றல்களின் முயற்சியால்தான் ஊர் 1976-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்டது. 1996-இல் அது தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. ஊர்மன்றக் கூடம், பிளெட்சர் நடத்திய விடுதி, இரண்டு தேவாலயங்கள், பள்ளி ஆகிய ஐந்து கட்டடங்கள் அத்தலத்தில் அடங்கும். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, விடுதலைக்குப் பிந்திய அக்காலத்தில் கறுப்பின மக்கள் அமைத்த ஊர்களில் இன்றுவரை எஞ்சி நிற்கும் மிகப் பழமையானது இது.

இதெல்லாம் வெறும் நினைவுச்சின்னம்தானே, நினைவு சோறு போடுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் 1920-இல் ஏறத்தாழ 9,25,000 கறுப்பின உழவர்கள் இருந்தார்கள். 2022-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில் அவர்கள் தொகை 50,000-ஐக்கூட எட்டவில்லை. வறட்சியும் இயந்திரமும் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அரசின் உழவுக் கடன்களை வழங்குவதில் தங்களுக்கு ஓரவஞ்சனை காட்டப்பட்டது என்று கறுப்பின உழவர்கள் தொடுத்த வழக்கில் 1999-இல் அந்நாட்டு வேளாண் துறை இழப்பீட்டு உடன்பாட்டுக்கு வந்தது. ஆகவே, விடுதலை பெற்றவனுக்கு நிலம் வேண்டும் என்று 1877-இல் எழுந்த கேள்வி இன்றும் முழுமையாக விடை காணாத கேள்வி. கட்டடங்களைப் பேணுவது எளிது. உழவரைப் பேணுவது கடினம். கட்டடங்களுக்கு அரசு காவல் இருக்கிறது. அந்த நிலத்தில் உழும் கைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பது நன்றிகெட்ட செயலாகாது.

எனினும் நினைவு பயனற்றது என்பதை நான் ஏற்கமாட்டேன். சிறுமியாக நிக்கோடெமஸுக்கு வந்து, வளர்ந்து ஆசிரியையான லூலா கிரேக் என்பவர், முதற்குடியேறிகளிடம் கேட்டறிந்தவற்றை எழுதி வைத்தார். அவர் எழுதிய தாள்கள் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிற்கால ஆய்வாளர்கள் இவ்வூரின் தொடக்க நாள்களை அறிந்துகொண்டதில் அந்த ஆசிரியையின் கையெழுத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பதவியாளர் எவரும் ஆணையிட்டு அவர் எழுதவில்லை. தம் மாணாக்கரின் பாட்டன்மார் என்ன பட்டார்கள் என்பது மறைந்துவிடக் கூடாது என்று கருதினார், எழுதினார். அவ்வளவுதான்.

தொடர்வண்டி நிறுவனத்தின் கணக்கில் நிக்கோடெமஸ் ஆதாயமற்ற ஓர் இடம். மக்கள்தொகைக் கணக்கில் அது பதினான்கு பேர். அந்தக் கணக்குகள் பொய்யல்ல. ஆனால், சூலை இறுதியில் ஊர்மன்றக் கூடத்தின் முன் கூடும் கூட்டத்தை அந்தக் கணக்குகளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? எத்தனை பேர் இருந்தால் ஊர் என்று தொடக்கத்தில் கேட்டேன். எத்தனை பேர் அங்கே குடியிருக்கிறார்கள் என்பதோடு, எத்தனை பேர் அதனைத் தம் ஊர் என்று சொல்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும் என்பதே நான் கண்ட விடை. அப்படிச் சொல்பவர்கள் உருவாவதற்கு யாரோ ஒருவர் கதையைச் சொல்லித் தந்திருக்க வேண்டும். இன்னொருவர் அதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் மூத்தோர் எவரேனும் இருந்தால், அவர்கள் பிறந்த இடத்தைப் பற்றி இவ்வாரமே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள் அன்பர்களே. நாளும் பெயரும் தவறாமல் எழுதுங்கள். அதற்குப் பெரிய எழுத்தாளராக இருக்க வேண்டிய தேவையில்லை.